பொரிக்கு மீன் வராத குளம்

மேட்டூரிலிருந்து மலேசியாவுக்கு நான் கொண்டு போனவற்றில் முக்கியமானது கருவாடு. தம்பி மனோகரன் பிரிக்பீல்ட்ஸில் வீடு வாங்கியிருந்தான். பால் காய்ச்ச அக்கா வந்தே தீரணும் என்று ஒற்றைக்காலில் நின்றான். சரி, வெறுங்கையோடு போகக் கூடாதே என்று கருவாட்டை நாலு சுற்றுத் துணியில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். எப்படிக் கட்டினால் என்ன, சுபாங் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்ததும் ஓரடி பின்னால் போனார். மலாயில் ஏதோ கேட்டார். பின்னால் நின்ற, கிள்ளான் ஊர்க்காரரான ஒரு தமிழ் ஆன்டி எனக்கு மொழிபெயர்த்தார்: "இது செத்து எவ்வளவு நாளாச்சுன்னு கேக்குறார்மா."

"நல்லாக் காஞ்சது, பூச்சி புழு கிடையாதுன்னு சொல்லுங்க. நான் மீன்துறையில ஆய்வாளர்ன்னும் சொல்லுங்க" என்றேன். அந்த அம்மாள் இரண்டையும் சொன்னார். இரண்டாவது எடுபட்டதா, நாற்றம் தாங்கவில்லையா தெரியவில்லை, அதிகாரி கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார்.

வெளியே தம்பியும் அவன் மனைவி ரோஸலினும் நின்றார்கள். ரோஸலினை அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன். ஒல்லியான உருவம், பெரிய கைப்பை. அவள் அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கக் குடும்பம். அவள் சுங்கை வே என்கிற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. "வாங்க அண்ணி" என்று என் பெட்டியை வாங்கியவள், முகத்தைச் சுளிக்காமல், "விரால் கருவாடுதானே?" என்றாள். வாசனையை வைத்தே மீனைச் சொல்கிறாளே என்று அப்போதே எனக்குப் பிடித்துப் போனது.

பால் காய்ச்சினோம். மறுநாள் காலையில் தம்பியும் ரோஸலினும் என்னைத் தெருமுனைக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு முழம், இரண்டு முழம் என்று இழுத்து ஆற்றுகிறார்கள். நம் ஊரிலும் ஆற்றுவார்கள், ஆனால் பால்காரரிடம் கோபம் வந்த மாதிரி ஆற்றுவார்கள். இங்கே கொஞ்சம் கலையாகச் செய்கிறார்கள். ரொட்டி சானாய் என்று ஒன்று வந்தது. நம் பரோட்டாவின் பங்காளி. பருப்புக் குழம்பில் தோய்த்து நாலு தின்றேன். "அண்ணிக்கு இன்னொண்ணு போடுங்க பாஸ்" என்று ரோஸலின் சொன்னதும் நான் மறுக்கவில்லை. நம் பரோட்டாவே மேல் என்பது என் தீர்ப்பு, சால்னாவைப் பொறுத்த வரையில்.

அந்தக் கடையில்தான் ரோஸலின் விஷயத்தை எடுத்தாள். "அண்ணி, நீங்க மீன்காரவங்க. என் ஸ்கூல் பக்கத்துல ஒரு ஈயக்குட்டை இருக்கு. நாளைக்கு வந்து பார்க்குறீங்களா?"

ஈயம் தோண்டிய பள்ளங்கள் இந்த நாட்டில் அங்கங்கே தண்ணீர் நிரம்பிக் கிடக்கின்றன. குட்டை என்று சொல்கிறார்களே தவிர, சில நம் ஊர் ஏரி அளவு இருக்கின்றன. ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்திலும் குளமா என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். எனக்கோ பரம சந்தோஷம். கோபுரத்தையும் கடைகளையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், குளத்தைப் பார்க்க ஆள் வேண்டும்.

மறுநாள், கிள்ளான் போகும் பஸ்ஸில் ஏறி, சுங்கை வேயில் தொழிற்சாலைகள் தெரிந்ததும் இறங்கச் சொல்லிவிட்டு ரோஸலின் முன்னாலேயே பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் மேட்டூர் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கப் பழகியவள். இங்கே உட்கார இடம் வேறு கிடைத்தது. கேட்க வேண்டுமா? கண் விழித்தபோது பஸ் காலியாக நின்றது. சீனக் கண்டக்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். இறங்கிக்கொண்டிருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் சிரித்தார். "பஸ்ஸு தூங்கப் போகுது, நீயும் கூடப் போறியான்னு கேக்குறான். இது கிள்ளான்மா."

வந்தது வந்தாச்சு. பெரியவர் காட்டிய கடையில் வாழையிலை போட்டு நண்டுக் குழம்பு ஊற்றினார்கள். காவிரிக் கரைக்காரி நான், கடல் நண்டை மதிப்பதில்லை என்ற கொள்கை வைத்திருந்தேன். அந்தக் கொள்கையைக் கிள்ளானிலேயே விட்டுவிட்டு அடுத்த பஸ் பிடித்தேன். சுங்கை வே நிறுத்தத்தில் ரோஸலின் வெயிலில் காத்துக்கொண்டிருந்தாள். என் சேலையில் குழம்புக் கறையைப் பார்த்தாள். "கிள்ளான் வரைக்கும் போயிட்டீங்களா? நண்டா அண்ணி?" என்றாள். ஒரு வார்த்தைகூடக் கோபமாக இல்லை.

குளத்தங்கரையில் சின்ன அம்மன் கோயில். தகரக் கூரை, புதிதாகப் பூசிய மஞ்சள் சுவர், தண்ணீருக்குள் இறங்கும் நாலைந்து சிமெண்ட் படி. தண்ணீரைப் பார்த்ததும் அசந்துபோனேன். அடிமண் வரை தெரிகிற தெளிவு. "அடேயப்பா, இந்தத் தண்ணி எங்க ஊர்ல கிடைக்காதும்மா" என்றேன்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க. முன்னே கலங்கலாத்தான் இருந்துச்சாம். இப்ப அம்மன் அருள்ல தெளிஞ்சிடுச்சுன்னு பெருமையாப் பேசுறாங்க" என்றாள் ரோஸலின். குரலில் பெருமை இல்லை.

கோயில் படியை விட்டுத் தள்ளி, செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினேன். முழங்காலில் ஏதோ உரசியது. குனிந்து ஒரு பிடி பிடுங்கினேன். பச்சை நூல் நூலாக, கணுக்கணுவாகக் கிளை விட்டிருந்தது. பார்க்கச் செடி மாதிரி, ஆனால் செடி இல்லை, பாசி. மேலெல்லாம் சுண்ணாம்பு படிந்து நறநறவென்றிருந்தது. வேர் மாதிரி இருந்த இழையில் குட்டிக் குட்டியாக வெள்ளை முடிச்சுகள், ஒவ்வொன்றும் நட்சத்திர வடிவம். எங்கள் பக்கத்துக் குட்டைகளிலும் இதன் உறவுக்காரப் பாசி உண்டு. அது ஓரமாக ஒதுங்கி வாழும். இது அப்படி இல்லை. கண்ணுக்கெட்டிய வரை குளத்தின் தரை முழுக்க இதுவேதான், மெத்தை விரித்த மாதிரி.

எனக்குக் கதை புரிந்துவிட்டது. மீன்தொட்டிக்கு வாங்கிய பாசியை யாரோ கொண்டுவந்து கொட்டியிருக்க வேண்டும். அது தரையெல்லாம் படர்ந்து மற்ற நீர்ச்செடிகளை அமுக்கிவிட்டது. மண் கிளறப்படாததால் தண்ணீர் தெளிந்துவிட்டது. ஆனால் திலாப்பியா, அதாவது நம் ஜிலேபிக் கெண்டை, மண்ணில் தட்டு மாதிரி குழி பறித்துத்தான் முட்டையிடும். பறிக்க மண் எங்கே? பாசி மொத்தமாக அழுகும் காலத்தில் தண்ணீரில் மூச்சுக்குக் காற்றும் இருக்காது. பார்க்கக் கண்ணாடி, உள்ளே ஒரு குஞ்சு கிடையாது. படி ஓரத்தில் வெள்ளையாக எதுவோ ஊறிக் கிடந்தது. கோயிலுக்கு வருகிறவர்கள் மீனுக்குப் போட்ட பொரி. தின்ன ஆளில்லாமல் கரையொதுங்கியிருந்தது.

"இந்தக் குளம் போச்சு அண்ணி, எனக்குத் தெரியும்" என்றாள் ரோஸலின். "நான் உங்களைக் கூட்டியாந்தது அதுக்காக" என்று தண்ணீரில் மிதந்த ஒன்றைக் காட்டினாள்.

அது தெப்பம். இரும்புப் பீப்பாய்களை வரிசையாகக் கட்டி மேலே பலகை அடித்திருந்தார்கள். இந்த வட்டாரத்தில் குளக்கரைக் கோயில்கள் நாலைந்து சேர்ந்து ஒரே தெப்பத்தைத்தான் வைத்திருக்கின்றன. ஒரு கோயில் திருவிழா முடிந்ததும் அடுத்த கோயிலுக்கு லோரியில் போகும். கரையில் வைத்தால் பழைய இரும்புக்காரர்கள் பீப்பாயைத் தூக்கிப் போய்விடுகிறார்கள் என்று, லோரி வரும்வரை தண்ணீரிலேயே கட்டிப் போட்டுவிடுவார்கள். இந்த முறை மாசி மகத்துக்கு சுங்கை பூலோ கோயில் குளத்துக்குப் போக வேண்டும். பீப்பாய்களின் அடியில் பாசி தாடி தாடியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு விழுந்தால் போதும், அந்தக் குளமும் இப்படி ஆகிவிடும்.

சுங்கை பூலோ குளத்தில்தான் ரோஸலினின் அப்பா ஞானப்பிரகாசம் மீன் வளர்க்கிறார்.

மறுநாள் அவரைப் போய்ப் பார்த்தோம். தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கியிருந்தது. கரையோரம் ஆழமில்லாத இடத்தில் வட்ட வட்டமாகத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆண் மீன் காவல். பார்க்கவே மனசு நிறைந்தது. மனிதர் அதிகம் பேசமாட்டார். எனக்குப் பொரித்த மீனும் சம்பால் என்கிற மிளகாய்த் துவையலும் போட்டார். "ஓய்வு பெத்ததும் இதான் பிழைப்பு. வேற தொழில் தெரியாது, இனிமே கத்துக்குற வயசும் இல்ல" என்றார். அருகிலிருக்கும் வீட்டுக்காரர்கள் சாயங்காலம் தூண்டிலோடு வந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிடித்துப் போவதை அவர் தடுப்பதில்லையாம்.

"நீங்களே போய்க் கோயில்ல சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன் தெப்பத்தை நிறுத்துன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார்.

ரோஸலின் என்னைக் கூப்பிட்டதன் அர்த்தம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. நெற்றியில் திருநீறும் கையில் சர்க்கார் உத்தியோகமும் உள்ள நாத்தனார் பேசினால் எடுபடும் என்று நினைத்திருக்கிறாள். கெட்டிக்காரி. எனக்கும் தலை கொஞ்சம் வீங்கியது. இதைப் பேசி முடிக்காமல் விமானம் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு சுங்கை வே கோயிலில் நிர்வாகத்தார் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் மாணிக்கம் கனத்த ஆள், விரதம் இருந்து கையில் காப்புக் கட்டியிருந்தார். மறுநாளே லோரி வருகிறது. நான் ஆரம்பித்தேன், பாசி, சுண்ணாம்பு, முட்டை, காற்று என்று அலுவலகத்தில் பேசுவது போலவே பேசினேன். யாரும் அசையவில்லை. ஒருவர் கொட்டாவியே விட்டார்.

சரி, இது வேலைக்காகாது என்று படியிறங்கிப் பீப்பாயிலிருந்து ஒரு கொத்துப் பாசியைப் பிய்த்து வந்தேன். தலைவர் உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். "மோந்து பாருங்க தலைவரே."

முகர்ந்தவர் கையை உதறினார். "பூண்டு லா இது!"

ஆமாம், இந்தச் சாதிப் பாசியைக் கசக்கினால் பூண்டு நாறும். அம்மன் உட்காரும் தெப்பத்தில் பூண்டு வாடையா? விரதக்காரர் கையிலா? கூட்டத்தில் சலசலப்பு. நான் வெற்றியோடு ரோஸலினைப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

தலைவர் எழுந்தார். "இவ்வளவுதானே, மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவி லோரியில ஏத்துங்கப்பா. தோஷம் போயிடும்."

மஞ்சள் தண்ணீரில் பாசி சாகாது. என் சாமர்த்தியமே காரியத்தைக் கெடுத்துவிட்டது.

அப்போது ரோஸலின் எழுந்தாள். "தலைவரே, வாசனை தப்பில்ல. கழுவினாப் போதாது, காயணும். பிரிச்சு எடுத்து, சுரண்டி, பலகை சந்தெல்லாம் சுத்தம் பண்ணி, நல்ல வெயில்ல திருவிழா வரைக்கும் காயப் போடணும். சுரண்டுன பாசியைத் தண்ணிக்கு எட்டாத இடத்துல புதைக்கணும்."

கொட்டாவி விட்டவர் இப்போது விழித்துக்கொண்டார். "டீச்சர், நேரா சொல்லுங்க. உங்க அப்பா மீனுக்காகத்தானே சாமி காரியத்துல கை வைக்கிறீங்க?"

"ஆமா அண்ணே" என்றாள் ரோஸலின். "எங்க அப்பா மீனுக்காகத்தான். அவர் வாழ்றதே அந்த மீனாலதான். அங்க தூண்டில் போடுற வீடுகள்ல பாதி உங்க கோயிலுக்கு வர்றவங்க. அவங்க மீனுக்காகவும்தான்."

யாரும் எதிர்பார்க்காத பதில். மறுப்பாள், அழுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்திருப்பார்கள். சொல்லிவிட்டு நேராக நின்றாள். எங்கள் வீட்டில் இப்படி ஒருத்தி வந்து சேர்ந்திருக்கிறாள்.

தலைவர் அவளையே பார்த்தார். "தண்ணி தெளிஞ்சது அம்மன் அருள்னு ஊரே சொல்லுது. அதையும் இல்லேங்குறியாம்மா?"

"அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்ல தலைவரே. ஒண்ணு மட்டும் கேக்குறேன். இந்தப் படியில பொரி போட்டா முன்னே மீன் வரும்ல? கடைசியா எப்ப வந்துச்சு?"

தலைவர் பிரசாதத் தட்டிலிருந்து இரண்டு கை பொரி அள்ளிக்கொண்டு படியிறங்கினார். எல்லோரும் பின்னால் போனோம். தூவினார். கண்ணாடி மாதிரித் தண்ணீரில் பொரி பரவியது. நின்றோம். ஒரு மீன்கூட வரவில்லை. காற்று வீசியதும் பொரி மெதுவாகத் திரும்பி அவர் காலடிக்கே வந்து ஒட்டியது.

"வாரா வாரம் நான்தான் கூட்டித் தள்ளுறேன்" என்றார் தலைவர் மெதுவாக. "மீன் தின்னு மிஞ்சின பொரியா இருக்கும்னு நினைச்சேனா, மீன் வேற பக்கம் போயிடுச்சுன்னு நினைச்சேனா, ஒண்ணும் நினைக்கவே இல்ல போல." பிறகு திரும்பிச் சத்தமாக, "லோரிக்காரனை இப்ப வர வேணாம்னு சொல்லுங்க. தெப்பத்தைப் பிரிங்கப்பா" என்றார்.

அதன் பிறகு நடந்தது பெரிய கூத்து. பீப்பாய்களைக் கோயிலுக்குப் பின்னால் மேட்டில் உருட்டி ஏற்றினார்கள். கொட்டாவிக்காரர்தான் முதலில் சட்டையைக் கழற்றினார். பெண்கள் தேங்காய் ஓட்டால் சுரண்டினோம். ரோஸலின் ஒரு ஊசியை வைத்துக்கொண்டு பலகைச் சந்துகளில் அந்த வெள்ளை நட்சத்திரங்களைத் தோண்டித் தோண்டி எடுத்தாள். பழைய கயிறுகளை எரித்துவிட்டார்கள். இரும்புத் திருடர்களுக்குப் பயந்து ஆளுக்கு ஆள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு மழை வந்தது. கல்யாணப் பந்தலுக்கு வைத்திருந்த தார்ப்பாயைத் தலைவரே தூக்கிக்கொண்டு ஓடி வந்து மூடினார். விரதத்தில் இருந்த மனிதர், மூச்சு வாங்கிவிட்டது. மறுநாள் வெயில் சுட்டெரித்ததும் என் தம்பிகூட வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

மாசி மகத்தன்று சுங்கை பூலோவில் தெப்பம் விட்டார்கள். காய்ந்த பலகை, புதுக் கயிறு, வாழைமரம், விளக்கு, நாதஸ்வரம். குளத்தில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது ஞானப்பிரகாசத்துக்குத்தான் தெரியும் என்று தலைவர் அவரையே கழி பிடிக்கக் கூப்பிட்டார். அவர் தயங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். மீன் தட்டுகள் இருக்கும் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு தெப்பத்தை நடத்தினார். "உங்க புள்ளைங்க மேல ஏத்திடாதீங்க" என்று தலைவர் கரையிலிருந்து குரல் கொடுத்தார். கூட்டம் சிரித்தது.

பிறகு தலைவர் ரோஸலினிடம் வந்தார். "தண்ணி கலங்கலாத்தான் இருக்கு. சரிதானேம்மா?"

"சரிதான் தலைவரே."

அவர் மடியிலிருந்து பொரியை எடுத்து வீசினார். கை இறங்குவதற்குள் தண்ணீர் கொதித்தது. எத்தனை வாய், எத்தனை வால். தலைவர் மீண்டும் மீண்டும் வீசினார், மடி காலியாகும் வரை. ரோஸலின் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். மேட்டூர் அணையில் இத்தனை வருஷம் குஞ்சு விட்டிருக்கிறேன், மீன் பொரி தின்பதைப் பார்த்து நானும் அழுதது அன்றைக்குத்தான்.

ஊருக்குக் கிளம்பும் நாள். வாசலில் கார் நிற்கிறது, நான் செருப்பை மாட்டிவிட்டேன். ரோஸலின் குறுக்கே வந்து நின்றாள்.

"அண்ணி, அந்தச் செருப்பு."

"என்ன செருப்புக்கு?"

"இதோடதானே சுங்கை வே குளத்துல இறங்கினீங்க? வார் தைச்ச இடத்துல என்ன ஒட்டியிருக்கோ. நீங்க வேற நேரா அணைக்குப் போவீங்க."

"நல்லாக் காஞ்சிடுச்சும்மா. நான் மீன்துறை ஆய்வாளர்."

"தெரியும் அண்ணி. கழட்டுங்க."

தம்பி காரில் ஹாரன் அடித்தான். நான் கழற்றினேன். என் காலுக்குச் சேரும் அளவில் வீட்டில் வேறு செருப்பு இல்லை. குளியலறையில் கிடந்த நீல ரப்பர் செருப்பைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, என் காலடியில் வைத்தாள்.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி என் பட்டுச் சேலையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடைசியில் காலைப் பார்த்தார். "ஏம்மா, மலேசியா வரைக்கும் போயிட்டு இதைத்தான் போட்டுட்டு வந்தீங்களா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன். "என் தம்பி பொண்டாட்டி கொடுத்தது."